மூன்றாம் வரிசையில் சிரித்தவள்

சனிக்கிழமைகளில் நான் பிள்ளைகளை அழவைக்கப் போவேன். இப்படிப் பச்சையாகச் சொன்னால் முகம் சுளிப்பார்கள் என்பதால், பிள்ளைகளுக்கு ஊக்கமூட்டும் தன்முனைப்பு முகாம் நடத்துகிறேன் என்று சொல்வது வழக்கம். திங்கள் முதல் வெள்ளி வரை தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் வேலை. யாருக்கு எத்தனை நாள் விடுப்பு, யார்மேல் யார் புகார் கொடுத்தார்கள் என்று ஐந்து நாளும் மண்டை காயும். சனிக்கிழமை காலையில் மடிப்புக் கலையாத சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, மடிக்கணினியும் சொந்த மைக்குமாகக் கிளம்பிவிடுவேன். எந்தத் தமிழ்ப்பள்ளி கூப்பிட்டாலும் போவேன்.

மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த முகாமைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை ஒரு நாள் முழுக்க மண்டபத்தில் உட்காரவைப்பார்கள். காலையில் விளையாட்டு, கைதட்டல், என்னால் முடியும் என்று தொண்டை கிழியக் கத்தல். பத்து மணிக்கு மீ கோரிங் நூடுல்ஸும் மைலோவும். பிறகு ஒரு தாளைக் கொடுத்து, ஒரு பக்கம் உன் பலங்களை எழுது, மறுபக்கம் பலவீனங்களை எழுது என்போம். மதியத்துக்கு மேல் பெற்றோர் வந்து பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்காருவார்கள். விளக்கை அணைப்போம். மெல்லிய இசை ஓடும். அம்மா அப்பா படும் பாட்டைப் பேச்சாளர் எடுத்துச் சொல்வார். பிள்ளைகள் அழும். அழுத கண்ணோடு போய்ப் பெற்றோரின் கால்களை மஞ்சள் தண்ணீரில் கழுவி, பூப் போட்டு, விழுந்து கும்பிடும். பெற்றோரும் அழுவார்கள். சில பள்ளிகளில் தலைமையாசிரியரும் கைக்குட்டையை எடுப்பார். ஆறாம் ஆண்டு இறுதியில் நடந்த யூபிஎஸ்ஆர் அரசாங்கச் சோதனையை முன்னிட்டு வந்த வழக்கம் இது. சோதனையை எடுத்துவிட்டார்கள். அழுகையை யாரும் எடுக்கவில்லை.

நன்றாக அழுதால்தான் நல்ல முகாம். "போன வருஷம் வந்தவரு அவ்வளவா அழவைக்கல மேடம், பேரண்ட்ஸ் எல்லாம் கம்ப்ளைன் பண்ணாங்க" என்று ஓர் ஆசிரியர் என்னிடம் குறைபட்டதுண்டு. என்னைப் பற்றி அப்படி யாரும் சொன்னதில்லை. நான் அழவைத்த மண்டபங்களில் தரையைத் துடைக்க வேண்டியிருக்கும்.

என் திரையில் முதலில் வருவது ஒரே ஒரு வரி: தன்னை அறிந்த பிள்ளையே மகிழ்ச்சியான பிள்ளை. அதை எழுதியவள் நான்தான். எதை வைத்து எழுதினேன் என்று கேட்டால் தெரியாது. என்னை நான் நன்றாகவே அறிவேன். எனக்கு எப்போது கோபம் வரும், யாரைப் பார்த்தால் பொறாமை வரும், எந்தப் பாராட்டுக்காக எத்தனை நாள் காத்திருப்பேன் என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் மகிழ்ச்சி என்று ஒன்றைக் கையில் பிடித்ததாக நினைவில்லை. எனக்குள் ஒருத்தி எப்போதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பழைய தோழிகளோடு வாழையிலைச் சாப்பாடு. வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தோம். நடுவில் அவள், "பார், நீ சிரிக்கிறாய், கொஞ்சம் அதிகமாகவே சிரிக்கிறாய்" என்றாள். அதோடு என் சிரிப்பு போயிற்று. ரசத்தை ஊற்றிக்கொண்டு பேசாமல் சாப்பிட்டு எழுந்தேன்.

பள்ளிக்காலம் முழுக்க நான் முதல் மாணவி. மூளை இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் சகஜம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன். அது உண்மையா, வெறும் திமிரா என்பதும் குழப்பம்தான்.

என் கணவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன்கள் அடுக்கும் இடத்தில் ஷிப்ட் வேலை. வருவார், குளிப்பார், சாப்பிடுவார், படுத்த இரண்டாவது நிமிடம் குறட்டை. என்ன யோசிக்கிறீர்கள் என்று கேட்டால், ஒன்றும் இல்லை என்பார். முதல் சில வருடங்கள் மறைக்கிறார் என்று சண்டை போட்டேன். உண்மையிலேயே ஒன்றும் இல்லை என்று பிறகு புரிந்தது. அன்று வந்த பொறாமை இன்னும் தீரவில்லை.

எங்கள் ஒரே மகள் குணத்தில் அப்பாவைக் கொண்டு பிறந்தவள். பன்னிரண்டு வயது. வகுப்பில் நடுவில் இருப்பாள், சில சமயம் நடுவுக்கும் கீழே. வாய்ப்பாட்டில் ஏழாம் வாய்ப்பாடு வந்தால் கூரையைப் பார்ப்பாள். ஆனால் பல் துலக்கும்போது பாடுவாள். வானொலி விளம்பரங்களை அப்படியே, தொலைபேசி எண் உட்பட, நுரை வழியப் பாடுவாள். மழை பெய்தால் சந்தோஷம். மழை நின்றால் அதற்கும் சந்தோஷம். பள்ளியில் யாரோ இவளை மக்கு என்று சொன்னதை வீட்டுக்கு வந்து, ஏதோ நகைச்சுவை கேட்ட மாதிரி, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்குத்தான் அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அவளைப் பார்க்கும்போது எனக்கு இரண்டு எண்ணம் ஒன்றாக வரும். இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று. இதற்கு ஒன்றும் தெரியாததால்தான் வருகிறதோ என்பது இன்னொன்று. இரண்டாவது எண்ணம் வந்ததும் ஒரு தாய் நினைக்கிற நினைப்பா இது என்று என்னையே திட்டிக்கொள்வேன். திட்டினால் போய்விடுமா? அடுத்த நாள் கணக்குப் புத்தகத்தைத் திறந்ததும் திரும்ப வந்து நிற்கும்.

இந்த ஆண்டு அவளுடைய பள்ளியிலேயே முகாம் நடத்தக் கூப்பிட்டார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்காரர் ஒருவர், "உங்க பொண்ணு இருக்கற பேட்ச், நீங்கதான் பண்ணணும் மேடம்" என்று சொன்னபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

காலைப் பகுதி நன்றாகப் போனது. மகள் கைதட்டினாள், கத்தினாள், இரண்டு தட்டு மீ கோரிங் சாப்பிட்டாள். தாளை நிரப்பியபோது எட்டிப் பார்த்தேன். பலங்கள் பக்கத்தில், நல்லா சாப்பிடுவேன், படுத்தவுடன் தூங்கிடுவேன், எல்லாரும் என் பிரண்டு என்று எழுதியிருந்தாள். பலவீனங்கள் பக்கம் காலி. அதன் நடுவில் ஒரு பூனை வரைந்திருந்தாள். தாளை எடுத்து வேறு தாள்களின் அடியில் வைத்தேன், ஆசிரியர்கள் பார்த்துவிடப் போகிறார்கள் என்று.

மதியம் விளக்கை அணைத்தார்கள். நான் மைக்கைப் பிடித்தேன். கண்ணை மூடுங்கள் என்றேன். நீங்கள் பள்ளி விட்டு வீட்டுக்குப் போகிறீர்கள், வாசலில் அம்மாவின் செருப்பைக் காணோம், அடுப்படியில் சத்தம் இல்லை, அம்மா என்று கூப்பிடுகிறீர்கள், பதில் இல்லை. இது நானே யோசித்து வைத்திருக்கிற வரி. செருப்பு என்று சொன்னதும் எங்காவது ஒரு விசும்பல் கேட்கும், பிறகு அது வரிசை வரிசையாகப் பரவும். அன்றும் பரவியது. பின்னால் நாற்காலிகளில் தாய்மார்கள் முந்தானையை எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் வரிசையில் என் மகள் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். லேசான புன்னகைகூட இல்லை அது. பல் தெரிகிற சிரிப்பு.

பக்கத்தில் நின்ற ஆசிரியையும் பார்த்துவிட்டார். தன்முனைப்புப் பேச்சாளரின் மகள்! எனக்கு முகம் எரிந்தது. மைக்கை அணைத்துவிட்டு, பிள்ளைகளைத் தடவிக்கொடுப்பதுபோல் வரிசைக்குள் நடந்தேன். அவள் பக்கத்தில் வந்ததும் குனிந்து காதில் சொன்னேன்.

"எல்லாரும் அழறாங்க, நீ மட்டும் இளிக்கற. உனக்கு மண்டையில ஒண்ணுமே இல்லையா? நீ எப்படி இருக்கன்னு உனக்கே தெரியாதா?"

அவ்வளவுதான் சொன்னேன். வேறு யாருக்கும் கேட்டிருக்காது. சிரிப்பு உடனே போகவில்லை. என்ன சொன்னேன் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று அவளுக்கு, ஏழாம் வாய்ப்பாட்டுக்கு ஆகிற மாதிரி. பிறகு வாயை மூடிக்கொண்டு கையைப் பார்த்தாள். அழவில்லை. பாத பூசையின்போது என் காலைக் கழுவினாள். வேலை முடிந்து துறைமுகச் சட்டையோடு ஓடிவந்திருந்த அப்பாவின் காலையும் கழுவினாள். மற்றப் பிள்ளைகள் கேவிக்கொண்டிருக்க, இவள், "தண்ணி ரொம்ப ஜில்லுன்னு இருக்கா மா?" என்று மெதுவாகக் கேட்டாள். தலைமையாசிரியர் பொன்னாடை போர்த்தியபோது எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, காலையில் குளியலறை அமைதியாக இருப்பதைக் கவனித்தேன். தொண்டை சரியில்லையா என்று கேட்டேன். இல்லை என்றாள். பல் துலக்கிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தபடி நின்றாள். பிறகு ஒரு நாள் அப்பாவிடம், "பா, நான் கொஞ்சம் ஸ்லோவா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அவர், "யாரு லா சொன்னா? நீ சரியாத்தான் இருக்க" என்று சொல்லிவிட்டுத் தட்டை நீட்டினார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் உண்மையைச் சொல்கிறாரா என்று அளப்பதைப்போல. இந்தப் பார்வை எனக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

பள்ளிப்பையில் ஒரு தாள் கிடைத்தது. முகாமில் மிஞ்சியதைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். இந்தத் தடவை பலங்கள் பக்கத்தில் ஒன்றும் இல்லை. பலவீனங்கள் பக்கம் விளிம்பு வரை நிறைந்திருந்தது. மெதுவாகத்தான் புரியும். சத்தமாகச் சிரிப்பேன். நிறையச் சாப்பிடுவேன். அழத் தெரியாது. நான் எப்படி இருக்கேன்னு எனக்குத் தெரியாது. பூனை எதுவும் இல்லை. எழுத்து மட்டும் முன்பைவிட அழகாக, கோணாமல் இருந்தது.

நான் தாளைப் பழையபடி மடித்து வைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து அழுதேன்.

இதில் குழப்பம் என்னவென்றால், மற்ற எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. வகுப்பாசிரியை வாட்ஸ்அப்பில் எழுதினார்: பிள்ளை ரொம்பப் பொறுப்பாகிவிட்டாள், கவனம் வந்துவிட்டது, உங்கள் முகாமின் பலன் மேடம். கணக்கில் மதிப்பெண் ஏறியது. ஏழாம் வாய்ப்பாடு கூரையைப் பார்க்காமல் வந்தது. தப்புக் கணக்கைத் தானே திரும்பிப் பார்த்துத் திருத்துகிறாள். பன்னிரண்டு வருடமாக இதற்காகத்தானே கத்தினேன்? விடைத்தாளைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் மறைக்க மாட்டேன். பெருமையாகவும் இருந்தது, பிள்ளையை நிமிர்ந்து பார்க்க வெட்கமாகவும் இருந்தது. எதை நம்புவது?

கணவரிடம் சொன்னேன், இந்தப் பிள்ளையை நான்தான் கெடுத்துவிட்டேன் என்று. என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் சாப்பிடுவதை நிறுத்தினார். அவர் நிறுத்தினாலே பெரிய விஷயம். "வயசுக்கு வர்ற நேரம். பொம்பளப் பிள்ளைங்க இப்படித்தான் அமைதியாவாங்க. நீ ரொம்ப யோசிக்கற லா" என்றார். இருக்கலாம். வயதுதான் காரணமாக இருக்கலாம். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் அந்தப் பாட்டு இந்த வருடம் நின்றிருக்கலாம். எல்லோருக்கும் ஒரு நாள் நிற்கத்தானே செய்கிறது? அப்படியானால் எனக்கு எப்போது நின்றது? யோசித்துப் பார்த்தேன். எனக்கு இருந்ததா என்பதே நினைவில்லை.

அறிவு வந்ததால் சிரிப்பு போயிற்றா, சிரிப்பு போனதால் அந்த இடத்தில் அறிவு வந்து உட்கார்ந்ததா, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையா? ஒரு மண்டபம் நிறையப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறவள் நான். என் வீட்டுக் குளியலறை ஏன் அமைதியாக இருக்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

செமினியில் ஒரு பள்ளி முகாமுக்கு நாள் குறித்திருந்தது. முதல் நாள் மாலை அழைத்து, காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் நல்லவர்கள். பரவாயில்லை மேடம், அடுத்த சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். பார்க்கலாம் என்று இழுத்தேன். மனசுக்குள் இனி ஒரு பள்ளிக்கும் போகக்கூடாது என்றுதான் இருந்தது. மேசையில் மகள் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

சனிக்கிழமை சும்மா கிடக்க முடியாமல் அவளைக் கூட்டிக்கொண்டு கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போனேன். வளையல் வாங்கிக் கொடுத்தேன். எந்த நிறம் வேண்டும் என்று கேட்டால் முன்பு எல்லா நிறமும் என்பாள். அன்று நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "என் கைக்கு எது நல்லாருக்கும்?" என்றாள். பிறகு சாலையோரக் கடையில் சூடாக வடை வாங்கி, நிழலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். முன்பெல்லாம் என் பங்கையும் பிடுங்கித் தின்பாள். இப்போது ஒரு வடையைச் சிறு சிறு துண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"மா, உங்களுக்குக் காய்ச்சல் இல்லதானே?" என்றாள்.

"இல்ல."

"அப்புறம் ஏன் செமினிக்குப் போகல? நான் அன்னிக்கு அழாததுனாலயா?"

இல்லவே இல்லை என்று அவசரமாகச் சொன்னேன். அவள் நம்பவில்லை. இப்போதெல்லாம் அவள் எதையும் சட்டென்று நம்புவதில்லை. அம்மா அன்று சொன்னது தப்பு, ரொம்பத் தப்பு, மன்னித்துவிடு என்று சொன்னேன். பன்னிரண்டு வருடத்தில் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் தலையாட்டினாள். பெரிய மனுஷி மாதிரி, பரவாயில்லை என்றாள்.

"ஒண்ணு கேக்கறேன், பயப்படாம சொல்லு. அன்னிக்கு ஏன் சிரிச்ச?"

"உங்களப் பார்த்துதான் மா."

"என்னப் பார்த்தா? நான் என்ன பண்ணேன்?"

"நீங்க ஹேப்பியா இருந்தீங்க" என்றாள். "மைக் பிடிச்சு நடந்துக்கிட்டே பேசறப்ப, உங்க மூஞ்சி எப்படி இருந்துச்சு தெரியுமா? வீட்ல நீங்க அப்படி இருக்கவே மாட்டீங்க. நீங்க கண்ண மூடச் சொன்னீங்க. மூடிட்டா பார்க்க முடியாதுல்ல? அதான் மூடல."

நான் சிரிக்க முயன்றேன். "எல்லாரும் அழுதுக்கிட்டு இருந்தாங்க. அம்மா எப்படி ஹேப்பியா இருப்பேன்?"

"அழுதாங்க. ஆனா நீங்க ஹேப்பியாத்தான் இருந்தீங்க. உங்களுக்குத் தெரியலயா?"

தெரியவில்லை. அன்றைய நாளை நான் எத்தனையோ தடவை பிட்டுப் பிட்டுப் பார்த்திருக்கிறேன். விளக்கு அணைந்ததிலிருந்து அவளுடைய சிரிப்பு கண்ணில் படும் வரை நான் எப்படி இருந்தேன் என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. பேசியது நினைவிருக்கிறது, பேசியவளைத்தான் காணோம். கையைக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாளே, அவள் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் எங்கோ எழுந்து போயிருக்கிறாள். அவள் இல்லாததால் எனக்குச் சொல்லவும் ஆளில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படித்தானோ? பிள்ளைகளை அழவைக்கும்போது மட்டும் சந்தோஷமாக இருக்கிறவள் என்ன பிறவி? அதை நினைத்து வெட்கப்படுவதா, எனக்கும் அது வாய்த்திருக்கிறதே என்று ஆறுதல் கொள்வதா? மண்டபத்தில் பிள்ளைகள் எல்லாம் கண்ணை மூடியிருந்தார்கள், பெரியவர்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சந்தோஷமாக இருந்ததைப் பார்த்தவள் உலகத்திலேயே இவள் ஒருத்திதான். அவளைப் போய் மண்டையில் ஒன்றும் இல்லையா என்று கேட்டிருக்கிறேன்.

வடையைக் கையில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தேன். அவள் என் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

"செமினிக்குப் போங்க மா" என்றாள். "என்னையும் கூட்டிட்டுப் போங்க. நான் முன்னாடியே உட்கார்ந்துக்கறேன். சிரிக்க மாட்டேன். நீங்க செருப்பு சொன்னவுடனே அழறேன்."

"வேணாம்டா. நீ ஒண்ணும் அழ வேணாம்."

"இல்ல மா, கஷ்டம் இல்ல" என்றாள். ஒரு நல்ல செய்தியைச் சொல்கிற முகத்தோடு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "அப்பத்தான் எனக்குத் தெரியல. இப்பல்லாம் எனக்கு நல்லா அழ வருது."